பிரிக்கும் முன் சீட்டைப் பாருங்கள்! ஈ-மெயில் இணைப்புகளும் மண்டிக்கடைப் பாடமும்



லாரி செட்டிலிருந்து சரக்கு வந்து கடை வாசலில் இறங்கினால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? மூட்டையைப் பிரிப்பதில்லை. லாரி ரசீதை வாங்கிப் பார்க்கிறோம். அனுப்பியவர் யார், எந்த ஊர், எத்தனை உருப்படி, என்ன எடை என்று படிக்கிறோம். மூட்டையின் மேல் உள்ள மார்க்காவை ரசீதோடு ஒத்துப் பார்க்கிறோம். பிறகு கம்பியைக் குத்தி ஒரு பிடி மாதிரி எடுத்து உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்க்கிறோம். இத்தனையும் ஆன பிறகுதான் சரக்கு குடோனுக்குள் போகிறது. இப்படிச் செய்யாதவர் எவரும் நம் தொழிலில் பத்து வருடம் தாக்குப்பிடித்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் அதே நாம், ஈ-மெயிலில் ஒரு பில்லோ விலைப்பட்டியலோ இணைப்பாக வந்தால் என்ன செய்கிறோம்? வந்த கையோடு மவுஸால் ஒரு தட்டு. திறந்தாயிற்று. சீட்டைப் பார்ப்பதும் இல்லை, கம்பி குத்துவதும் இல்லை.

இந்த அவசரத்துக்கு நாங்கள் 2023-ஆம் ஆண்டு கொடுத்த விலை மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நமது சங்க அன்பர்களில் ஒருவராவது இதனால் தப்பித்தால் அந்த வெட்கம் வீணாகாது. விஷயம் என்னவென்றால், இணைப்பைப் பார்த்துக் கையாளும் பழக்கம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு எங்களுக்கு நன்றாகவே இருந்தது. அதை நாங்களாகவே கைவிட்டோம். அந்தக் கதையையும் முதலிலிருந்தே சொல்லி விடுகிறோம்.

கறுப்புத் திரைக் காலம்

நமது நாட்டில் பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சென்னையும் முதலில் வசதி பெற்ற நகரங்களில் ஒன்று. பாரிமுனைப் பக்கம் இருந்த எங்கள் மிளகாய், மல்லி, மஞ்சள் மண்டிக்கு 1997-இல் ஒரு ‘ஷெல்’ கணக்கு வாங்கினோம். பினாங்கில் உள்ள ஒரு வியாபாரி, “அண்ணாச்சி, பேக்ஸ் செலவு கட்டுப்படியாகவில்லை, ஈ-மெயில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னதுதான் காரணம்.

இளைய அன்பர்களுக்கு ஷெல் கணக்கு என்றால் தெரியாது. அதில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது. மோடம் விசிலடித்து இணைப்புக் கிடைத்ததும் கறுப்புத் திரையில் எழுத்துக்கள் மட்டும் வரும். குறுக்கே 80 எழுத்து, நெடுக 24 வரி. நமது கணிப்பொறி அங்கே வெறும் ஜன்னல்தான். கடிதங்கள் எல்லாம் தொலைவில் உள்ள பெரிய கணிப்பொறியில் இருக்கும். அங்கே கடிதம் படிக்க ‘பைன்’ என்ற புரோகிராம் இருந்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் உருவாகத் தொடங்கிய புரோகிராம் அது. கணிப்பொறி படிக்காத அலுவலக ஊழியர்களுக்காகவே செய்யப்பட்டது. அதனால்தான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்த எங்களுக்கும் அது பிடிபட்டது. எந்த எழுத்தை அழுத்தினால் என்ன நடக்கும் என்று திரையின் அடியில் இரண்டு வரியில் எப்போதும் எழுதியிருக்கும்.

முப்பது பக்கம் அச்சான கதை

தொடங்கிய சில மாதங்களிலேயே ஒரு சோதனை வந்தது. பினாங்கு வியாபாரி 200 மூட்டை மல்லிக்கு ஆர்டர் கொடுத்து, மூட்டையில் அச்சடிக்க வேண்டிய புதிய மார்க்காவின் படத்தையும் அனுப்பியிருந்தார். இந்த ஈ-மெயில் வேலையைப் பார்த்து வந்த எங்கள் தம்பி மகன் அப்போது பரீட்சைக்குப் போயிருந்தான். நாங்களே கடிதத்தைத் திறந்தோம். மேலே நான்கு வரி ஆங்கிலம். அதன் கீழே ‘பிகின் 644’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே அர்த்தமில்லாத எழுத்தும் குறியும் வரி வரியாக ஓடின. ஏறக்குறைய எல்லா வரியும் ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்கின.

ஏதோ முக்கியமான விஷயம் என்று அச்சடித்தோம். டாட்-மேட்ரிக்ஸ் பிரிண்டர் கத்திக்கொண்டே முப்பது பக்கம் தள்ளியது. கடைப் பையன்கள் சிரித்தார்கள். கடிதம் வழியில் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, வியாபாரியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பழைய மார்க்காவையே அடித்து சரக்கை அனுப்பி விட்டோம். அங்கே இறங்கிய 200 மூட்டைக்கும் மார்க்கா மாற்றிய கூலியை அவர் நமது பில்லில் கழித்துக்கொண்டார். அதைவிட, “அனுப்பியதைப் பார்க்க மாட்டீர்களா அண்ணாச்சி?” என்று அவர் கேட்டதுதான் வலித்தது.

பரீட்சை முடிந்து வந்த தம்பி மகன் அந்தக் கடிதத்தைப் பார்த்ததும், “பெரியப்பா, இது கெட்டுப்போன கடிதம் இல்லை. கட்டுப் பிரிக்காத பார்சல்” என்றான். ‘இ’ என்ற எழுத்தை அழுத்திக் கடிதத்தை ஒரு பைலாக வெளியே எடுத்து, ‘யூயூடிகோட்’ என்ற கட்டளையைக் கொடுத்தான். படம் வந்து விட்டது. எண்பது கிலோபைட் படத்துக்கு முப்பது பக்கம் காகிதம் செலவழித்த பெருமை எங்களுடையது.

இணைப்பு எப்படிப் பயணம் செய்கிறது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விவரம் தேவை. ஈ-மெயில் என்பது ஆதியில் ஆங்கில எழுத்துக்களை மட்டும் சுமக்க ஏற்பட்ட வண்டி. படம், ஒலி, கணக்கு ஏடு போன்றவற்றை அதில் அப்படியே ஏற்ற முடியாது. ஆகவே பைலை எழுத்தாக மாற்றி ஏற்றி, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி பைலாக மாற்ற வேண்டும். மிளகாயை அழுத்திக் கட்டி அனுப்பி, அங்கே கட்டைப் பிரிப்பது போல.

1980-இல் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் உருவான ‘யூயூஎன்கோட்’ என்பது பழைய கட்டு முறை. அதில் கடிதமும் பார்சலும் ஒன்றாகவே கிடக்கும். எது கடிதம், எது பார்சல் என்று சொல்ல முறையான சீட்டு இல்லை. 1992-இல் நத்தானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் ‘மைம்’ என்ற புது முறையை வகுத்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன், தாம் சேர்ந்து பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் ஈ-மெயிலில் இணைத்து அனுப்பினார். இன்று உலகம் முழுவதும் ஓடுகிற பில்லும் பட்டியலும் அந்த வழியில்தான் போகின்றன.

மைம் முறையின் சிறப்பு, ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு சீட்டு உண்டு என்பது. இது என்ன வகை, என்ன பெயர், எந்த முறையில் கட்டப்பட்டது என்று சீட்டில் எழுதியிருக்கும். பெரும்பாலும் பயன்படும் கட்டு முறை ‘பேஸ்-64’. அதில் மூன்று எழுத்துச் சரக்கு நான்கு எழுத்தாகப் பெருகும். அதாவது 300 கிலோபைட் பைல் பயணத்தின்போது 400 கிலோபைட்டுக்கும் சற்று மேலாகி விடும். வண்டி வாடகை கணக்கிடும் போது சாக்கின் எடையும் சேர்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தச் சீட்டை எழுதியவர் அனுப்பியவர்தான். மூட்டையின் மேல் ‘முதல் தரம்’ என்று எழுதியிருப்பதால் உள்ளே முதல் தரம் இருக்க வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை.

பைனில் கையாண்ட விதம்

பைனில் கடிதத்தைத் திறந்தால் முதலில் தெரிவது உருப்படிப் பட்டியல். ‘ஒன்று: காட்டப்பட்டது, 12 வரி, எழுத்து. இரண்டு: 310 கே.பி., அப்ளிகேஷன்’ என்ற பாணியில் இருக்கும். ‘வி’ என்ற எழுத்தை அழுத்தினால் பட்டியல் தனியாக விரியும். பைலின் பெயரும் தெரியும். வேண்டிய உருப்படியில் நின்று ‘எஸ்’ அழுத்தினால், என்ன பெயரில் வைக்கட்டும் என்று கேட்கும். பெயர் கொடுத்தால் கட்டைப் பிரித்துத் தொலைவில் உள்ள பெரிய கணிப்பொறியில் நமது இடத்தில் வைக்கும். கடைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அதற்கு ‘இசட்-மோடம்’ என்ற முறையில் இன்னொரு கட்டளை கொடுத்து இறக்க வேண்டும். வினாடிக்கு 9,600 பிட் வேக மோடத்தில் 300 கிலோபைட் இறங்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். போன் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சிரமம்தான் எங்களுக்கு நல்ல பழக்கத்தைக் கற்றுக் கொடுத்தது. காசு செலவாகும் என்பதால் அளவைப் பார்த்தோம். தேவையா என்று யோசித்தோம். எதிர்பாராத இணைப்பு வந்தால், அதை இறக்கும் செலவில் “இது என்ன?” என்று ஒரு வரி எழுதிக் கேட்டு விடலாம் என்று கேட்டோம். இறக்கிய பைலைத் தேதி போட்டுத் தனி இடத்தில் வைத்துப் பேரேட்டில் ஒரு வரி எழுதினோம். ஆக ஒவ்வொரு இணைப்பும் பார்ப்பது, இறக்குவது, திறப்பது என்று மூன்று படிகளைத் தாண்டித்தான் வந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று யோசிக்க நேரம் இருந்தது.

இதன் அருமை 2000-ஆம் ஆண்டு மே மாதம் தெரிந்தது. ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பில் ஒரு வைரஸ் கடிதம் உலகையே சுற்றியது. அதன் இணைப்பின் பெயர் வெறும் எழுத்துப் பைல் போல ‘டி.எக்ஸ்.டி.’ என்று காட்டி, அதன் பின்னால் ‘வி.பி.எஸ்.’ என்று முடியும். விண்டோஸ் கணிப்பொறிகள் பெயரின் கடைசிப் பகுதியை வழக்கமாக மறைத்து விடுவதால், பலர் காதல் கடிதம் என்று நம்பித் தட்டினார்கள். தட்டியவுடன் அது அவர்களுடைய முகவரிப் பட்டியலில் உள்ளவர்களுக்கெல்லாம் தன்னையே அனுப்பிக்கொண்டது. எழுத்துத் திரையில் அந்த முழுப் பெயரும் அப்படியே தெரியும். தானாக ஓடவும் வழியில்லை. எழுத்துத் திரைக்காரர்கள் அன்று நிம்மதியாக இருந்ததற்கு இதுதான் காரணம். (இறக்கி எடுத்து விண்டோஸ் கணிப்பொறியில் தட்டியிருந்தால் அவர்களுக்கும் அதே கதிதான். திரை மட்டும் காப்பாற்றாது, பழக்கம்தான் காப்பாற்றும்.)

மவுஸ் வந்தது, பழக்கம் போனது

அதன் பிறகு காலம் மாறியது. வேகமான இணைப்பு வந்தது. படத்தோடு கடிதம் வந்தது. மூன்று படிகளும் ஒரே தட்டில் முடிந்தன. நாங்களும் மகிழ்ச்சியோடு மாறினோம். பேரேட்டில் எழுதுவதை நிறுத்தினோம். ‘பழைய காலத்து வேலை’ என்று நாங்களே கேலியும் செய்தோம்.

2023-இல் நடந்தது இது. ஆந்திராவில் நமக்குப் பல வருடமாக மிளகாய் அனுப்பும் ஒரு கமிஷன் மண்டியின் பெயரில் ஒரு கடிதம் வந்தது. ‘பில் இணைத்துள்ளோம்’ என்று ஒரு வரி. எங்கள் கணக்கர் இணைப்பைத் தட்டினார். பில் வரவில்லை, ஈ-மெயில் பாஸ்வேர்டு கேட்கும் ஒரு பக்கம் வந்தது. நேரம் கடந்ததால் மறுபடி கேட்கிறது என்று நினைத்து அவர் அடித்துக் கொடுத்து விட்டார். பிறகும் பில் வராததால் விட்டு விட்டார்.

அன்று முதல் எங்கள் கடிதங்களை இன்னொருவன் படித்துக்கொண்டிருந்தான். எங்களுக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து உண்மையாகவே அந்த மண்டியிலிருந்து சரக்கும் பில்லும் வந்தன. மறுநாளே, ‘வங்கிக் கணக்கு மாறியுள்ளது, திருத்திய பில் இணைத்துள்ளோம்’ என்று இன்னொரு கடிதம். பில்லின் வடிவம், எண், தேதி, தொகை எல்லாம் அச்சு அசலாக ஒன்று. கணக்கு எண் மட்டும் வேறு. 4,12,000 ரூபாய் அனுப்பினோம்.

நான்கு நாள் கழித்து மண்டிக்காரர் போன் செய்து, “பணம் இன்னும் வரவில்லையே” என்றபோது கால் தரையில் நிற்கவில்லை. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தோம். அதற்குள் பெரும்பகுதி கைமாறிப் போயிருந்தது. முடக்கி வைக்கப்பட்ட 61,000 ரூபாய் மட்டும் பின்னால் திரும்பி வந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் இன்னும் கிடைத்திருக்கலாம் என்றார்கள். மண்டிக்காரருக்கு முழுத் தொகையையும் மறுபடி கொடுத்தோம். அது அவருடைய பணம்.

கணக்கர் அழுதார். அவர்மேல் குற்றம் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. சீட்டைப் பார்க்கும் முறையைக் கடையிலிருந்து எடுத்தவர்கள் நாங்கள்.

மறுபடி பழைய திரை

தம்பி மகன் இப்போது கணிப்பொறித் தொழிலில் இருக்கிறான். அவன் வந்து அந்த இரண்டு கடிதங்களையும் எழுத்துத் திரையில் திறந்து காட்டினான். பைனின் வழிவந்த ‘அல்பைன்’ என்ற புரோகிராம் 2007-இல் வெளிவந்து இன்றும் கிடைக்கிறது. 1995-இல் மைக்கேல் எல்கின்ஸ் என்பவர் எழுதிய ‘மட்’ என்ற புரோகிராமும் அதே ஜாதி. இரண்டும் இலவசம்.

அந்தத் திரையில் முதல் கடிதத்தின் உருப்படிப் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் தெரிந்து விட்டது. பில் என்றால் ‘பி.டி.எஃப்.’ என்று முடிய வேண்டும். அங்கே ‘பி.டி.எஃப்.’ என்ற எழுத்துக்குப் பின்னால் ‘ஹெச்.டி.எம்.’ என்று இருந்தது. அதாவது அது பில் இல்லை. ஒரு இணையப் பக்கம். இரண்டாம் கடிதத்தில் அனுப்பியவரின் முழு முகவரியில் ஒரு எழுத்து வேறு. ‘எல்’ என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘1’ என்ற எண். எங்கள் வழக்கமான திரை அனுப்பியவரின் பெயரை மட்டும் பெரிதாகக் காட்டி, முகவரியை மறைத்து வைத்திருந்தது.

இன்று எங்கள் கடையில், பில்லும் பணமும் சம்பந்தப்பட்ட கடிதங்களை ஒரு பழைய கணிப்பொறியில் லினக்ஸ் போட்டு அல்பைன் வழியாகவே திறக்கிறோம். வேலை நடக்கும் விதம் இது:

முதலில் பட்டியல். கடிதம் சொல்லும் எண்ணிக்கையும் உருப்படிகளின் எண்ணிக்கையும் ஒத்துப் போகிறதா, பெயரின் கடைசி எழுத்துக்கள் என்ன, அளவு என்ன என்று பார்க்கிறோம். பிறகு முழுத் தலைப்பு வரிகளைத் திறந்து, முகவரியையும் ‘பதில் அனுப்ப வேண்டிய முகவரி’யையும் எழுத்து எழுத்தாகப் படிக்கிறோம்.

அடுத்தது ‘எஸ்’ அழுத்தி ‘வரவு’ என்ற தனி அறையில் சேமிப்பது. அங்கே எதையும் திறப்பதில்லை.

மூன்றாவது, கம்பி குத்துவது. ‘ஃபைல்’ என்றே ஒரு கட்டளை லினக்ஸில் உண்டு. அது சீட்டை நம்பாமல், பைலின் தொடக்க எழுத்துக்களைப் பார்த்து உள்ளே இருப்பது என்ன என்று சொல்லும். உண்மையான பி.டி.எஃப். பைல், சதவீதக் குறியும் ‘பி, டி, எஃப்’ என்ற எழுத்துக்களுமாகத் தொடங்கும். ஜிப் கட்டு ‘பி, கே’ என்று தொடங்கும். அதை உண்டாக்கிய ஃபில் காட்ஸ் என்பவரின் பெயர் எழுத்துக்கள் அவை. விண்டோஸில் ஓடும் புரோகிராம் ‘எம், இசட்’ என்று தொடங்கும். ஆகவே பில் என்று பெயர் வைத்து வந்த பைல் ‘எம், இசட்’ என்று தொடங்கினால், அது மல்லி மூட்டைக்குள் பாம்பு. (புதிய வகை எக்செல் பைலும் ‘பி, கே’ என்றே தொடங்கும். அது இயல்பு, பயப்பட வேண்டாம்.)

நான்காவது, பி.டி.எஃப். பில்லை ‘பி.டி.எஃப்-டு-டெக்ஸ்ட்’ என்ற கட்டளையால் வெறும் எழுத்தாக மாற்றிப் படிக்கிறோம். லோகோவும் வண்ணமும் போய் விடும். தொகையும் கணக்கு எண்ணும் பளிச்சென்று தெரியும். ஸ்கேன் செய்து அனுப்பிய பில்லுக்கு மட்டும் இது உதவாது. அதைப் படமாகத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு பில்லுக்கு இரண்டு நிமிட வேலை. ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறோம். இன்றைய பெரிய அஞ்சல் சேவைகள் பலவும் இத்தகைய புரோகிராமுக்குச் சாதாரணப் பாஸ்வேர்டைக் கொடுத்தால் ஏற்பதில்லை. தனி அனுமதி வாங்கி அமைக்க வேண்டும். விவரம் தெரிந்த ஒருவர் ஒருநாள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

கியூ.ஆர். கட்டத்தை நம்பலாமா?

இதைப் பல அன்பர்கள் கேட்டார்கள். ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் வருடாந்திர விற்றுமுதல் உள்ளவர்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் ஈ-இன்வாய்ஸ் கட்டாயம். அதில் உள்ள கியூ.ஆர். கட்டத்தைச் சோதித்தால் விற்பவர், வாங்குபவர் ஜி.எஸ்.டி. எண்கள், பில் எண், தேதி, தொகை முதலியன சரியா என்று தெரியும். ஆனால் வங்கிக் கணக்கு எண் அதில் இல்லை. ஆகவே திருடன் கணக்கு எண்ணை மட்டும் மாற்றினால் கட்டம் சரியாகவே காட்டும். கட்டம் சரி என்பதால் கணக்கு எண்ணும் சரி என்று யாரும் எண்ண வேண்டாம்.

நாம் அனுப்பும்போது

வருவதைப் பார்ப்பது பாதி வேலை. ஒழுங்காக அனுப்புவது மறு பாதி. பைனில் கடிதம் எழுதும்போது ‘கன்ட்ரோல்’ விசையோடு ‘ஜே’ அழுத்தினால் எந்தப் பைலை இணைக்க வேண்டும் என்று கேட்கும். உடனே அதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதவும் இடம் கொடுக்கும். நாங்கள் அந்த இடத்தை ஒருபோதும் காலியாக விட்டதில்லை. ‘மல்லி, 200 மூட்டை, பில்’ என்று எழுதுவோம்.

நமது பெரியவர்கள் கடிதத்தின் கடைசியில் ‘இணைப்பு: 2’ என்று எழுதி, ஒவ்வொன்றையும் வரிசையாகக் குறிப்பார்கள் அல்லவா? அதை ஈ-மெயிலிலும் எழுதுங்கள். பெறுபவர் எண்ணிப் பார்க்க முடியும். நடுவில் ஒருவன் மூன்றாவதைச் செருகினால் தெரிந்து விடும். நீங்கள் இணைக்க மறந்திருந்தாலும் அவர் உடனே கேட்பார்.

பைலுக்கு ‘ஸ்கேன் 001’ என்று பெயர் வைக்காதீர்கள். தேதி, கடைப் பெயர், பில் எண் மூன்றும் இருக்கட்டும். ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இருந்தால் எந்தப் புரோகிராமிலும் பெயர் சிதையாது. அளவையும் கவனியுங்கள். கட்டு முறையில் மூன்று நான்காகப் பெருகும் என்று மேலே சொன்னோம். 25 எம்.பி. வரை போகலாம் என்று ஒரு சேவை எல்லை வைத்திருந்தால், பதினெட்டுக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது.

எழுத்துத் திரை வேண்டாம் என்பவர்களுக்கு

எல்லாக் கடையிலும் கறுப்புத் திரை வைக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். செல்போனிலேயே கடை நடத்தும் காலம் இது. ஆகவே புரோகிராமை விட்டு விட்டுப் பழக்கத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

1. விண்டோஸ் கணிப்பொறியில் பைல் பெயரின் கடைசிப் பகுதியைக் காட்டும்படி ஒரு அமைப்பு உண்டு. இன்றே அதைப் போட்டு வையுங்கள்.

2. அனுப்பியவரின் பெயரை நம்பாதீர்கள். பெயரின் மேல் தட்டி முழு முகவரியையும் படியுங்கள்.

3. இணைப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறதா? மூடி விடுங்கள். நேர்மையான பில் உங்கள் ஈ-மெயில் பாஸ்வேர்டைக் கேட்காது.

4. வங்கிக் கணக்கு மாறியது என்று எந்த வழியில் சேதி வந்தாலும், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல, உங்களிடம் பழைய நோட்டில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். எதிர்த் தரப்பின் ஈ-மெயிலே திருடனிடம் இருந்தால் எல்லாச் சீட்டும் சரியாகத்தான் இருக்கும். அங்கே உங்களைக் காப்பாற்றுவது இந்தப் போன் ஒன்றே.

5. வந்த இணைப்புக்கு ஒரு வரவு நோட்டு போடுங்கள். தேதி, அனுப்பியவர், பைல் பெயர், பார்த்தவர் கையெழுத்து. நான்கு கட்டம் போதும்.

6. தவறு நடந்து விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அந்த மணி நேரமே 1930-க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள்.

எங்கள் கணக்கர் இன்றும் எங்களிடம்தான் வேலை பார்க்கிறார். வரவு நோட்டை எழுதுவது அவரே. சென்ற தீபாவளிச் சமயம் ‘திருத்திய பில்’ என்று ஒரு கடிதம் வந்தது. அவர் பட்டியலைப் பார்த்தார், முகவரியைப் படித்தார், பிறகு போனை எடுத்து மண்டிக்காரரைக் கேட்டார். அவர் அப்படி எதுவும் அனுப்பவில்லை. கணக்கர் நோட்டில் அந்த வரியின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு எங்களிடம் கொண்டு வந்து காட்டினார். அந்த ஒரு கோட்டின் மதிப்பு ஐந்தரை லட்சம்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மூட்டையானாலும் ஈ-மெயிலானாலும், பிரிக்கும் முன் சீட்டைப் பாருங்கள்.